நட்சத்திரம் போடாத வீடு

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டேன், ஃபேனை முன்பே அணைத்தாயிற்று, இனி இந்த வீட்டில் சத்தம் போட நான் மட்டும்தான் பாக்கி, நானும் வாயைத் திறப்பதாக இல்லை. எங்கேயோ ஒரு கிடார் கேட்கிறது. கேட்கிறது, உடனே காணாமல் போகிறது. தூறல் விட்டும் விடாமலும் இருப்பதால் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வேறு நடுவில் வந்து விழுகிறது. மூன்றாம் தெருவா, அதற்கும் பின்னாலா, தெரியவில்லை. போன வருஷம் வரை இந்தத் தொல்லை கிடையாது. கிறிஸ்துமஸ் கேரல் பார்ட்டி ஒரு லோடு ஆட்டோவில் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் கீபோர்டும் ஜெனரேட்டருமாக வரும். மார்க்கெட் பக்கம் அது உறுமத் தொடங்கும்போதே நானும் டோர்கஸ் அக்காவும் சேலையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். எந்த வீட்டு முன்னால் நிற்கிறார்கள், யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எல்லாம் இங்கிருந்தே தெரியும். இந்த வருஷம் ஏரியா தலைவர் அருமைராஜுக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. ஸ்பீக்கர் வேண்டாம், கீபோர்டு வேண்டாம், கரண்டே வேண்டாம், கையால் வாசிக்கிறதை மட்டும் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தே போவோம், அந்தக் காலத்து மாதிரி என்று கோயிலில் அறிவிப்புக் கொடுத்துவிட்டான். அந்தக் காலத்தைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும், அப்போது இவன் அக்காவின் ஞாயிறு பள்ளியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வசனம் மறந்து நின்றவன். இன்றைக்கு ஹார்டுவேர் கடை முதலாளி. கிடாருக்கு ஒரு பேங்க் கேஷியர், வயலினுக்கு மின்வாரியத்து ஜாஸ்பர், தபேலாவுக்கு யாரோ, மவுத் ஆர்கனுக்கு யாரோ, எல்லாம் நம்மூர் ஆட்கள்தான். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறவளை யார் நினைத்துப் பார்த்தார்கள்.

எதிரே லில்லிபாய் வீட்டில் நட்சத்திரம் எரிகிறது. சிவப்பும் மஞ்சளுமாகப் பெரியது, உள்ளே பல்பு அணைந்து அணைந்து எரிகிற வகை. அவள் வீட்டு நட்சத்திரத்தின் வெளிச்சம் நம் வீட்டுச் சுவரில்தான் விழுகிறது, அதை யாரும் தடுக்க முடியாது. நம் வாசலில் கொக்கி மட்டும் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் போடக் கூடாது, குடில் வைக்கக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. கேரல் பார்ட்டி வந்தால் உள்ளே வந்து இரண்டு நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டு, பாடாமல் எழுந்து போகும். அதற்கு அடையாளமே நட்சத்திரம் இல்லாத வாசல்தான். டிசம்பர் பிறந்த அன்றே லில்லிபாய் ஒரு டப்பா அச்சுமுறுக்கோடு வந்து நின்றாள். "அக்கா, இந்த வருசம் நீங்க ஒண்ணும் சுட வேண்டாம் என்ன, எல்லாம் நான் கொண்டாந்து தாரேன். ஸ்டார் எடுக்க ஏணி போட்டுராதீங்க. டோர்கஸ் டீச்சருக்கு அதெல்லாம் ரொம்பக் கண்டிப்பு, நமக்குத் தெரியாதா" என்றாள். தெரியாமல் என்ன. இந்த ஏரியாவுக்கே அந்தக் கண்டிப்பைச் சொல்லிக் கொடுத்தவள் என் அக்காதானே. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் என்கிற முறையில் முதலில் போய் நிற்பாள், எழுந்து வரும்போது வாசல் கொக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருவாள். இப்போது அவளுக்காக அவள் சட்டம் அவள் வீட்டு மேலேயே விழுந்திருக்கிறது. லில்லிபாய் அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொல்கிறவர்களோடு சண்டை போடவும் முடிவதில்லை. அச்சுமுறுக்கு நன்றாக இருந்தது, தேங்காய்ப்பால் தூக்கலாக. இரண்டு தின்றேன். பிறகு எதற்கு இவ்வளவு பெரிய டப்பா ஒரு ஆளுக்கு என்று தோன்றியதும் மூடி வைத்துவிட்டேன்.

எனக்கு ஜெபம் வேண்டாம். ஆகஸ்டில் அக்கா போனதிலிருந்து ஜெபத்துக்குக் குறைச்சல் இல்லை, வருகிறவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் என்னைச் சிபாரிசு செய்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், பியூலாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, அக்கா செத்த வருஷத்திலேயே பாட்டுக் கேட்கிறது என்பார்கள். வைக்கோல் மெத்தைப் பாட்டு. எங்கள் கோயிலில் முன்னால் இருந்த பாட்டு மாஸ்டர் தானே எழுதித் தானே மெட்டுப் போட்டது, வேறு எந்த ஊரிலும் பாடுவதாகத் தெரியவில்லை. 'வைக்கோல் மெத்தை, வாசல் இல்லாத வீடு' என்று தொடங்கும். அக்கா மேல்குரல், சோப்ரானோ. நான் கீழ்க்குரல், ஆல்ட்டோ. பாவாடை சட்டை வயதில் மாஸ்டர் எங்கள் இருவரையும் ஆர்மோனியம் பக்கத்தில் நிறுத்தி, ஒரு தடவை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பெரியவ மேல நில்லு, சின்னவ கீழ நில்லு" என்றார், அத்தோடு என் ஆயுசு தீர்மானமாகிவிட்டது. அந்த மனுஷர் செய்த ஏற்பாட்டில் முதல் சரணத்தில் ஆல்ட்டோக்காரர்களுக்கு வார்த்தையே கிடையாது. வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனக வேண்டும், அவ்வளவுதான். அந்த 'ம்'மும் ஏறாது இறங்காது, பெரும்பாலும் ஒரே சுரத்தில் நிற்கும், எப்போதாவது ஒரு படி கீழே போய்விட்டுத் திரும்பி வந்து நிற்கும். அக்கா மேலே பறந்து கொண்டிருப்பாள், பாராட்டெல்லாம் அவளுக்கு. நான் ரேஷன் கடை வரிசையில் நிற்பது போல நின்ற இடத்தில் நிற்பேன். என்னைத் தனியாக யாரும் பாடச் சொன்னதில்லை. பாடினாலும் அது பாட்டு என்று யாருக்கும் தெரியாது.

இப்போது சேர்ந்து கேட்கிறது, கிடாரும் தபேலாவும். நாலைந்து குரல். ஒரு பெண் குரல் கொஞ்சம் முந்துகிறது. புதுப் பாட்டு, கைதட்டுகிற வகை. சீமோன் வாத்தியார் வீடாக இருக்கும், அவர் வீட்டுக்குத்தான் கைதட்டுப் பாட்டு. அங்கிருந்து இங்கே வர இன்னும் நாலு வீடு, ஐந்து வீடு. நடுவில் காபி, கேக். யாராவது ஒருத்தர் கட்டாயம் டாய்லெட் போவார். கொசுவர்த்தி பாதி எரிந்துவிட்டது. விளக்கைப் போடவா வேண்டாமா. வாசல் லைட் எரிந்தால் எதிர்பார்க்கிறாள் என்று அர்த்தம், எரியாவிட்டால் தூங்கிவிட்டாள், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று தாண்டிப் போய்விடுவார்கள். துக்க வீட்டுக்காரி எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கலாமா. அக்கா, நீதான் சொல்லேன், விளக்குப் போட்டால் உன் சட்டத்தில் இடம் இருக்கிறதா. நீ நட்சத்திரத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாய், டியூப் லைட்டைப் பற்றிச் சொன்னதாக நினைவில்லை.

ஆல்ட்டோ தனியாக நிற்காது. இது எனக்கு இந்த நாலு மாதத்தில்தான் தெரிந்தது, இவ்வளவு வயதுக்கு இது தெரியாமலே வாழ்ந்திருக்கிறேன். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருநாள் குளிக்கும்போது வைக்கோல் மெத்தையை எடுத்தேன். வாயில் வந்தது என் 'ம்'. சரி, மெட்டை எடுப்போம் என்று மேலே போனேன், இரண்டு சொல் போனதும் தொண்டை தானாக நழுவி என் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி ஏறினேன், மறுபடி நழுவியது. தலையில் மெட்டு இருக்கிறது. ஆனால் அது அக்காவின் குரலில்தான் இருக்கிறது, என் குரலுக்கு அதை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தலைக்குள் அவள் பாடட்டும், நான் கீழே முனகுகிறேன், அப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நவம்பர் மழையில் ஒருநாள் சோறு வடித்துக்கொண்டு நின்றபோது அவளை வரச் சொல்லிக் கேட்டேன், வந்த குரல் அவளுடையது இல்லை. யாரோ ரேடியோவில் பாடுகிற பெண். மெட்டு சரியாக இருந்தது, குரல்தான் வேறு. கஞ்சி கையில் கொட்டிவிட்டது. இந்தக் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஒரு ஹலோவில் ஆளைச் சொல்வேன். கோவில்பட்டி மில் முதலாளிக்குச் சளி பிடித்தால் அவர் பெண்டாட்டிக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஊரார் குரலையெல்லாம் காதில் கட்டி வைத்திருந்தவள், கூடப் பிறந்து ஒரே அறையில் படுத்தவளின் குரலைத் தொலைக்கிறேன். யாரிடம் போய் இதைச் சொல்வது. போட்டோ இருக்கிறது, நகை இருக்கிறது, சேலைகளில் அவள் வாடைகூட இருக்கிறது. தம்பி மகன் போனில் ஒரு வீடியோ இருக்கிறது, கல்யாண வீட்டில் எடுத்தது, அதில் அவள் கையை நீட்டி மறைத்துக்கொண்டு "போதும்டா, எடுக்காத, போ அங்கிட்டு" என்கிறாள். அது பேசுகிற குரல். பேசுகிற டோர்கஸ் வேறு, பாடுகிற டோர்கஸ் வேறு. பேசுகிறவள் கண்டிப்பானவள்.

அதனால்தான் இந்த ராத்திரி. யாராவது ஒருவர் இந்த வீட்டுக்குள் நின்று மேல்குரலில் அதைப் பாட வேண்டும். நல்ல குரலாக இருக்க வேண்டியதில்லை. மேலே ஒருத்தர் நின்றால் நான் கீழே நின்றுகொள்வேன், நான் என் இடத்தில் நின்றுவிட்டால் அக்கா அவள் இடத்துக்கு வந்துவிடுவாள் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை. இது ஜோசியம் மாதிரித்தான் இருக்கிறது, பாஸ்டர் அய்யரிடம் சொன்னால் பிரசங்கத்தில் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்கலாமே என்றால், அங்கே இப்போது அந்தப் பாட்டு கிடையாது, இளைஞர்கள் திரையில் வரிகள் ஓடவிட்டு வேறு பாடுகிறார்கள். கேரல் ரவுண்ட்ஸில்தான் இன்னும் உயிரோடிருக்கிறது, அதுவும் பழைய வீடுகளில் மட்டும். பழைய வீடு என்றால் எங்கள் வீடுதான். வருஷா வருஷம் அருமைராஜ் இந்தக் கூடத்தில் நின்று "டீச்சர் வீட்டுப் பாட்டு" என்று சொல்வான், அக்கா எழுந்து நிற்பாள், நானும் எழுந்து பக்கத்தில் நிற்பேன். பாட வந்தவர்களே வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். இந்த வருஷம் அவர்கள் அதை இந்தத் தெருவில் எங்குமே பாடப் போவதில்லை. அவளுக்கு மரியாதையாம்.

அம்மா செத்த வருஷமும் நட்சத்திரம் இல்லை. அந்த டிசம்பரில் பார்ட்டி வந்தது, ஜெபித்தது, போனது. அக்கா வாசல்வரை போய்க் கும்பிட்டு அனுப்பிவிட்டு வந்தாள், நேரே அடுப்படிக்குப் போனாள். மீன் கழுவிய சட்டி கிடந்தது, அதைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே, பின் கதவைச் சாத்தச் சொன்னாள், சாத்தினேன், ஜன்னலையும் என்றாள், அதையும் சாத்தினேன். அப்புறம் மிக மெதுவாக வைக்கோல் மெத்தையைத் தொடங்கினாள். நான் அவள் பக்கத்தில் தேங்காய் துருவுகிற பலகையில் உட்கார்ந்து 'ம்' போட்டேன். இரண்டு பேரும் அழுதோம், ஆனால் சுரம் தப்பவில்லை. முடிந்ததும் "வெளிய சொல்லிராத" என்றாள். சட்டம் போட்டவளே அடுப்படியில் மீறினாள், கூட நான் இருந்தேன். அவளுக்கு நான் இருந்தேன். எனக்கு இன்று அடுப்படி இருக்கிறது, பின் கதவு இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது. மேல்குரல்தான் இல்லை. எனக்குக் கோபமாக வருகிறது அக்கா. நீ முதலில் போனதற்கு இல்லை, அது உன் கையில் இல்லை. நான் போயிருந்தால் உன்னால் தனியாகப் பாடியிருக்க முடியும். அது அநியாயமாகத் தெரிகிறது.

அருகில் வந்துவிட்டார்கள். செருப்புச் சத்தம், தண்ணீரில் மிதித்த யாரோ ச்சே என்கிறார்கள். லில்லிபாய் வீட்டில் ஏறுகிறார்கள். இப்போது ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது. ஸ்பீக்கரில் இதெல்லாம் தெரிந்ததில்லை, விரல் தந்தியில் உராய்கிறது, ஜாஸ்பர் வயலின் வில்லைத் திருப்பும்போது ஒரு சின்னக் கீறல், தபேலாக்காரர் மோதிரம் கழற்றவில்லை. நல்ல பாட்டு. லில்லிபாய் பேரன் குறுக்கே கத்துகிறான். அவள் சிரிக்கிறாள். ஒரு வீட்டுக்குள் இத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிற சத்தமே தனி, பாட்டைவிட அதுதான் என்னை வதைக்கிறது. நாற்காலியை இழுக்கிறார்கள். தட்டு வருகிறது. யாரோ சர்க்கரை போடாத காபி கேட்கிறார். இவ்வளவு கிட்டத்தில், ஒரு தெருவின் அகலத்தில். நான் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு பயம் வந்தது, அணைத்துவிடலாமா என்று சுவிட்சிலேயே கையை வைத்து நிற்கிறேன். அணைத்துப் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், லில்லிபாய் நட்சத்திரம் மாதிரி விட்டுவிட்டு எரிகிறதே என்பார்கள். சிரிப்பு வருகிறது. அக்கா இருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள். பாட்டு நின்றுவிட்டது. ஜெபம். ஆமென். வாசல் கேட் கிறீச்சிடுகிறது, நம் கேட் அல்ல, அவள் கேட். தாண்டிப் போகிறார்களா. ஒருவன் மெல்ல, "அண்ணாச்சி, இந்த வீடு?" என்று கேட்கிறான். பதில் கேட்கவில்லை. என் ஆபரேட்டர் காதுக்கே கேட்கவில்லை. அப்புறம் நம் கேட்.

"பியூலாக்கா, இருக்கியளா?" அருமைராஜ் குரலைத் தாழ்த்தி வைத்திருக்கிறான், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல். "வாங்க, உள்ள வாங்க, நனையாதீங்க" என்று கதவைத் திறந்தேன். ஏழெட்டுப் பேர் வந்தார்கள், கருவிகளை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்துவிடுமோ என்று பயந்தவர்கள் மாதிரி. கிடார்க்காரன் தந்திகள் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருந்தான். ஜாஸ்பர் வயலினைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான், தோளில் தூறல் விழுந்த ஈரம். யாரும் உட்காரவில்லை. அக்கா போட்டோவைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். "காபி போடட்டா?" என்றேன். "வேண்டாம்க்கா, ரெண்டு நிமிசம் ஜெபம் பண்ணிட்டுப் போயிருதோம், இன்னும் ரெண்டு தெரு கெடக்கு." ஜெபித்தான். நன்றாகத்தான் ஜெபித்தான், டீச்சர் சொல்லிக் கொடுத்த வசனத்தை டீச்சருக்காகவே சொன்னான். ஆமென் என்றோம். அவ்வளவுதான், திரும்பினார்கள். கடைசி ஆள் செருப்பு மாட்டக் குனிந்துவிட்டார். இத்தனை நேரம் காத்திருந்தது இதற்கா. சொல், வாயைத் திற, இவன் யார், மூக்கொழுகிய பயல்தானே.

"அருமைராஜ், பாடலையா?"

அவன் நின்றான். நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லை, புரிந்ததும் முகம் மாறியது. "அக்கா, துக்க வீட்ல எப்படிக்கா பாட? டீச்சர் இருந்தா எங்க காதத் திருகிருப்பாங்க. ஊருக்கெல்லாம் ஒரு மொறைய வச்சிட்டு, அவங்க வீட்லயே நாங்க மாத்தினா நல்லாவா இருக்கும்?" என்றான். எதிர்வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான், லில்லிபாய் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருசம் நீங்க கேக்கிற எல்லாத்தையும் பாடுதோம்க்கா. உக்காந்து பாடுதோம்." அடுத்த வருஷம். அதற்குள் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று இவனுக்கு எப்படிச் சொல்வது. டோர்கஸே அடுப்படியில் பாடினாள் என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனிவரை வந்தது. வெளியே சொல்லாதே என்றாளே. அதைச் சொல்ல மாட்டேன். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிட்டது, நான் கூப்பிடவில்லை, 'ம்' என்று. வாய் மூடித்தான் இருந்தது. முதல் சரணத்து 'ம்', அதே சுரம், அசையாமல்.

அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். "அக்கா, அழாதீங்க, உக்காருங்க" என்று அருமைராஜ் கையை நீட்டினான். நான் நிறுத்தவில்லை. நிற்கிறேன், ஒரு படி இறங்குகிறேன், திரும்பி வந்து நிற்கிறேன். ஒருவர் முகத்திலும் தெரிந்த அடையாளம் இல்லை. இதே கூடத்தில் வருஷா வருஷம் கேட்டவர்கள்தான், கேட்டதெல்லாம் மேலே இருந்ததை. என் பங்கு ஒருவர் காதிலும் விழுந்திருக்கவில்லை. ஏதோ பழைய அடக்க ஆராதனைப் பாட்டு என்று நினைத்து ஒரு அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். போகட்டும், இப்படியே முனகி முடித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடலாம் என்று இருந்தபோது கூடவே இன்னொரு சத்தம். ஜாஸ்பர். வயலின் கழுத்துக்கு வந்திருக்கிறது, தலையைச் சாய்த்து என் வாயையே பார்க்கிறான். என் சுரத்தைத் தேடிப் பிடித்துவிட்டான். நான் நின்றால் நிற்கிறான், இறங்கினால் இறங்குகிறான். இதுதான் மெட்டு என்று நினைத்துவிட்டான் பாவி. எனக்கு மேலே ஒருத்தர் வேண்டும் என்று கிடந்தேன், இவன் வந்து என் நாற்காலியிலேயே உட்காருகிறான். எரிச்சலாக வந்தது. "அது இல்ல தம்பி" என்று சொல்ல வேண்டும், சொன்னால் முனகல் விட்டுப்போகும். சுற்று திரும்பியது, இரண்டாம் தடவை அவனுக்கு நான் தேவைப்படவில்லை, எனக்கு முன்னாலேயே போய் நின்றான். கனமாக, நிதானமாக, நான் ஒருநாளும் வாசித்துக் கேட்காத என் பங்கை வாசித்தான். எனக்கு அங்கே இடமில்லை. நிறுத்திவிட்டேன். அவன் நிறுத்தவில்லை, புருவத்தை உயர்த்திக்கொண்டு எனக்காகக் காத்து வாசிக்கிறான். கூடத்தில் கீழ்க்குரல் மட்டும் நிற்கிறது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. அந்த வெறுமையைத் தாங்க முடியவில்லை, யாராவது போங்களேன், யாராவது மேலே போய் நில்லுங்களேன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"வைக்கோல் மெத்தை" என்றேன். சொல்லோடு, வாயைத் திறந்து. தொண்டை நழுவிக் கீழே வரப் பார்த்தது, வந்தால் உட்கார அங்கே இடமில்லை, அவன் இருக்கிறான். மேலேயே கிடந்தது. "வாசல் இல்லாத வீடு". அருமைராஜ் நிமிர்ந்தான், இப்போது தெரிந்துவிட்டது, உதடு அசைகிறது ஆனால் சத்தம் விடவில்லை, முறையை விடவும் முடியாமல் பாட்டை விடவும் முடியாமல் நிற்கிறான். இது அக்கா குரல் இல்லை. கரகரப்பு, பழைய தகர டின்னில் பேசுகிற மாதிரி. அவள் வழுக்கிக்கொண்டு ஏறுகிற இடத்தில் நான் தடுக்குகிறேன். அவள் வரவில்லை. என் தலைக்குள்ளும் வரவில்லை, ரேடியோப் பெண்கூட வரவில்லை, அங்கே இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். போய்விட்டாள். சரிதான், போய்விட்டாள். ஆனால் இங்கே இருந்து கேட்டால் கீழே அந்த 'ம்' இப்படியா இருக்கும். நான் இதை மேலே இருந்து கேட்டதே இல்லை. ஏறாது, இறங்காது, நின்ற இடத்தில் நிற்கும் என்று எத்தனை கேலி செய்திருக்கிறேன். கால் வைக்க அது ஒன்றுதான் இருக்கிறது. அது ஒரு நொடி நின்றால் நான் விழுந்துவிடுவேன். பாடும்போது நான் மூச்சு வாங்க ஒரு கணம் விட்டால் அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பி முறைப்பாள். கோயில் நிறைய ஆட்கள் இருந்தாலும் திரும்புவாள். டீச்சர் புத்தி, கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது முறைப்பு இல்லை. அக்கா, பயந்தாயா? இங்கே நிற்பது இவ்வளவு பயம் என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே. ஜாஸ்பர் வில்லைத் திருப்பப் போகிறான், அந்தச் சின்ன இடைவெளி வருகிறது, நான் சட்டென்று அவன் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.